கவுன்சில் தேடல்: அதிகாரபூர்வமா, தனியாரா, காப்பீடா?

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வீட்டுக்கு விலை பேசி முடித்ததும், கவுன்சில் தேடலை, அதாவது அந்த வீட்டைப் பற்றி உள்ளாட்சி மன்றத்தின் (கவுன்சில்) பதிவுகளில் என்ன இருக்கிறது என்ற விசாரணையை, எந்த வழியில் எடுப்பது என்ற கேள்வி வரும். கவுன்சிலிடமே கேட்கலாம், தனியார் நிறுவனத்தை அனுப்பலாம், அல்லது தேடலை விட்டுவிட்டு காப்பீடு எடுக்கலாம். (ஸ்காட்லாந்தில் முறையே வேறு.) பலர் கட்டணத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கட்டண வித்தியாசம் வீட்டு விலையில் தூசு. பதிலில் பிழை வந்தால் யார் பணம் தருவார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேடலில் இரண்டு பாகம் உண்டு. முதலாவது எல்எல்சி 1: வீட்டின் மேல் பதிவாகியிருக்கும் கட்டுப்பாடுகள். மரப் பாதுகாப்பு ஆணை, பாதுகாக்கப்பட்ட பகுதி (பழைய தோற்றம் காக்கப்படும் வட்டாரம்), திட்ட அனுமதியின் நிபந்தனைகள், கவுன்சிலுக்குச் சேரவேண்டிய பாக்கி எல்லாம் இதில் வரும். இரண்டாவது கான் 29: கவுன்சில் பதில் சொல்லவேண்டிய கேள்விப் பட்டியல். கட்டட ஒழுங்குவிதிச் சான்று இருக்கிறதா, முன்னால் உள்ள சாலை கவுன்சில் பராமரிப்பில் இருக்கிறதா, அமலாக்க அறிவிப்பு (விதி மீறிய கட்டுமானத்தைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு) ஏதும் வந்திருக்கிறதா என்பவை அதில் சில. சாலை கவுன்சிலுடையதாக இல்லையென்றால் செப்பனிடும் செலவு அதை ஒட்டிய வீட்டுக்காரர்கள் தலையில் விழலாம். புதுக் குடியிருப்புத் திட்டங்களில் இந்தப் பதிலைத் தவறாமல் படிக்க வேண்டும்.

அதிகாரபூர்வத் தேடலின் குறை தாமதம். எல்எல்சி 1 பதிவேடு 2018 முதல் கவுன்சில் கவுன்சிலாக நிலப் பதிவகத்தின் தேசியப் பதிவேட்டுக்கு மாறி வருகிறது. மாறிய இடங்களில் 15 பவுண்டுக்கு உடனே இணையத்தில் கிடைக்கும். ஆனால் கான் 29 இன்னும் கவுன்சில் அலுவலகத்தில்தான் இருக்கிறது. காத்திருப்பது அதற்காகத்தான், சில கவுன்சில்களில் வாரக்கணக்கில் இழுக்கும். பலம் சட்டத்தில் இருக்கிறது. பதிவேட்டில் இருந்த ஒரு கட்டுப்பாடு அதிகாரபூர்வச் சான்றில் விட்டுப்போனால், அந்தக் கட்டுப்பாடு உங்களைக் கட்டுப்படுத்தவே செய்யும். ஆனால் இந்தப் பதிவேட்டுக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம்.

தனியார் தேடலில் அந்த நிறுவனத்தின் ஆள் கவுன்சில் பதிவுகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். 2004ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தகவல் விதிகளால் பெரும்பாலான விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதனால்தான் இது பல இடங்களில் மலிவு, வேகமும் கூட. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒரு பதிவைக் கவுன்சில் காட்டாதபோது அந்தக் கேள்விக்கு எதிரே ‘காப்பீடு செய்யப்பட்டது’ என்று போட்டுவிடுவார்கள். பார்வைக்கு அறிக்கை முழுமையாக இருக்கும். பின்கட்டு நீட்டிப்பு உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுக்கப்பட்டது, நிறைவுச் சான்று இல்லை என்று கவுன்சில் சொன்னால், விற்பவரிடம் கேட்கலாம், சர்வேயரை அனுப்பலாம், விலையைக் குறைக்கலாம். ‘காப்பீடு செய்யப்பட்டது’ என்ற பதிலை வைத்து இதில் ஒன்றையும் செய்ய முடியாது. இழப்புக்குப் பின்னால் பணம் வரலாம். சுவருக்கு மேலே உத்தரம் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. அத்தோடு, பதிவேட்டில் இருந்ததைத் தேடியவர் கவனிக்காமல் விட்டால் 1975 சட்டத்தின் இழப்பீடு பொருந்தாது. நிறுவனத்தின் காப்பீட்டைத்தான் துரத்த வேண்டும். கடன் தரும் வங்கி தனியார் தேடலை ஏற்குமா என்பதையும் ஆர்டர் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழியில் தேடலே கிடையாது. ஒரே தடவை பிரீமியம், பாலிசி அன்றைக்கே கையில். தேடியிருந்தால் தெரிந்திருக்கும் பாதகமான பதிவால் வீட்டின் மதிப்பு குறைந்தால் ஈடு கிடைக்கும். உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததற்கும், பாலிசி தேதிக்குப் பிறகு வந்ததற்கும் கிடைக்காது. அதே வீட்டில் இருந்துகொண்டு மறுகடன் எடுப்பவருக்கு (பழைய வீட்டுக் கடனுக்குப் பதில் புதுக் கடன்) இது போதும். ஏலத்தில் வாங்கி உடனே முடிக்கவேண்டியவருக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மூன்றிலும் அகப்படாத ஒன்று: கவுன்சில் தேடல் நீங்கள் வாங்கும் மனையைப் பற்றியது. பின்னாலுள்ள வயலில் இருநூறு வீடு கட்ட விண்ணப்பம் போயிருந்தாலும் வழக்கமான தேடலில் வராது. கவுன்சில் இணையதளத்தின் திட்ட வரைபடத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். கழிவுநீர்க் குழாய்க்கும் தனித் தேடல் இருக்கிறது. பொதுக் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள் நீட்டிப்பு இருந்தால், குழாய்மேல் கட்டத் தண்ணீர் நிறுவனம் சம்மதித்த கடிதத்தைக் கேளுங்கள். 2011 அக்டோபரில் தனியார் குழாய்கள் பலவும் அந்த நிறுவனங்களுக்கு மாறின. அவற்றில் பல இன்னும் வரைபடத்தில் ஏறவில்லை.

எங்கள் கணக்கு இது: நீட்டிப்போ, பரணை அறையாக்கிய மாற்றமோ உள்ள வீடு, புதுக் குடியிருப்பு, பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அதிகாரபூர்வத் தேடல், எத்தனை வாரம் ஆனாலும். பெரிதாக எதையும் மாற்றாத ஃபிளாட், மந்தமான கவுன்சில் என்றால் தனியார் போதும். தேடல் எதுவானாலும், வீட்டை வாங்கி முடிக்கும் நாளில் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கடன் தருபவர் பொதுவாக ஏற்கமாட்டார். ஒன்றையொன்று நம்பி நிற்கும் விற்பனைச் சங்கிலியில் ஒரு வீடு தடுமாறினால் மறுபடி பணம் கட்டவேண்டியதுதான். தனியார் அறிக்கை வந்ததும், எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதிலாகக் காப்பீடு போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞர்) எழுத்தில் வாங்குங்கள். அவற்றை மட்டும் கவுன்சிலிடம் தனியாகக் கேட்க முடியுமா என்று ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு (அதன் பிறகு பின்வாங்க முடியாது) முன்பே விசாரியுங்கள்.