சி.டி. ஆஞ்சியோவா, கதீட்டர் ஆஞ்சியோவா?

மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இப்படி வருகிறவரிடம் "ஆஞ்சியோ எடுக்கணும்" என்றதுமே முகம் வெளுத்துவிடும். ஆஞ்சியோ என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பதுதான். அதில் இரண்டு வகை உண்டு என்று யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கதீட்டர் முறையில் மணிக்கட்டிலோ தொடையிலோ துளையிட்டு, மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே இதயம் வரை கொண்டுபோவார்கள். சி.டி.யில் அது கிடையாது. துடிப்பு 60-க்குப் பக்கத்தில் இறங்க மாத்திரை, நாக்குக்கு அடியில் ஒரு மருந்து, கை நரம்பில் ஊசி. ரத்தக்குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் சாயம் அந்த ஊசி வழியே ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும், பயப்பட வேண்டாம். மூச்சைப் பிடித்து விடுவதற்குள் படம் முடிந்துவிடும்.

நிலையான நெஞ்சுவலி (மேலே சொன்னதுபோல, திடீரென்று மோசமாகாத வலி) உள்ள 3,561 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த டிஸ்சார்ஜ் ஆய்வு 2022-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு முதலில் சி.டி., மறு பிரிவினருக்கு முதலில் கதீட்டர். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பரிசோதனையால் வந்த பெரிய சிக்கல் சி.டி.யில் தொடங்கியவர்களுக்கு 0.5%, கதீட்டரில் 1.9%. அதனால் இத்தகைய வலிக்கு முதலில் சி.டி. என்பதுதான் என் கட்சி.

கதீட்டருக்கும் இடம் உண்டு. அடைப்பு தெரிந்தால் அங்கேயே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைச்சுருள்) வைத்துவிடலாம். இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு (கால்சியம்) நிறையப் படிந்திருந்தால் சி.டி. படம் குழப்பும். மாரடைப்பே வந்துவிட்டால் யோசனையே வேண்டாம், நேராகக் கதீட்டர்தான். அப்புறம், இரண்டிலும் சாயம் உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.