மட்டக்களப்பில் மல்டிமீடியா டிசைன்: கையில் நின்ற சாமான்களும் பாடங்களும்

இன்டராக்டிவ் மல்டிமீடியா டிசைன் (படம், எழுத்து, ஒலி சேர்ந்த, தொட்டு இயக்கக்கூடிய திரைகளை வடிவமைப்பது) படிக்க வருகிற தம்பி, தங்கச்சிமார் முதலில் விசாரிப்பது லெப்டொப்பைப் பற்றித்தான். நான் பார்ப்பது வேறு இரண்டு விசயம். இந்தக் கருவியில் தமிழ் உடையாமல் வருகிறதா? நெட் இல்லாத நேரத்திலும் இதை வைத்து வேலை செய்ய, படிக்க முடியுமா? நான் படித்த காலத்திலும், இப்போது கல்லடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற காலத்திலும் என் மேசையில் தங்கியவை இந்த இரண்டிலும் தேறியவைதான்.

சாமான்களை முதலில் முடித்துவிடுகிறேன். லெப்டொப்பில் 16 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. முப்பரிமாண வேலைக்கான பிளெண்டர் மென்பொருள் குறைந்தபட்சம் 8 ஜிபி கேட்கிறது. அதோடு பிரவுசரையும் படம் வரைகிற கிரிட்டாவையும் திறந்தால் 8 திணறிவிடும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் பகல் வெக்கைக்கு எந்த லெப்டொப்பும் வேகம் குறையும். கனமான ரெண்டரை (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலையை) இரவுக்குத் தள்ளிவிடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது வாங்கிய ரவுட்டர் யூபிஎஸ் (மின் போனாலும் ரவுட்டரை ஓட வைக்கும் பற்றரி) எனக்கு இன்றைக்கும் உழைக்கிறது.

வரைகிற டேப்லெட் ஆறுக்கு நாலு அங்குலம் போதும். பற்றரி தேவைப்படாத பேனா உள்ளதாகப் பாருங்கள். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் 8192 அழுத்த நிலை இப்போது மலிவான மொடல்களிலும் உண்டு. கவனிக்க வேண்டியது நிப், அதாவது பேனாவின் முனை. அது ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்து, விளிம்பு கூராகி, பலகையைக் கீறத் தொடங்கும்; விரல் நுனியில் அந்த விளிம்பு தட்டுப்பட்ட உடனே மாற்றிவிட வேண்டும். நான் முதலில் பாவித்த டேப்லெட்டில் மைக்ரோ யூஎஸ்பி துளை தளர்ந்து, வயர் ஆடினாலே கோடு அறுந்தது. யூஎஸ்பி சி உள்ளதை வாங்கியபின் அந்தத் தொல்லை இல்லை. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் டேப்லெட்டையும் ஹார்ட் டிஸ்கையும் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது. உப்புக்காற்றில் செருகுமுனைகள் சீக்கிரம் பழுதாகும்.

இத்தனைக்கும் மேலாக எனக்குப் பயன்பட்டது ஒரு சீஆர் கொப்பியும் பிரிஸ்டல் போட்டும். திரைகளை போன் அளவு அட்டைகளாக வெட்டி, பட்டன்களைப் பென்சிலால் வரைந்து, வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து “இதில் எங்கே அமத்துவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் டிசைனின் பாதிக் குழப்பம் வெளியே வந்துவிடும்.

இனித் தமிழ். நமது பக்கம் இன்னும் நிறையப் பேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் டைப் செய்கிறார்கள். அச்சடிக்கும் வேலைக்கு அது ஓடும். இணையத்திலோ செயலியிலோ அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். தேடல் பெட்டிக்கும் அது பிடிபடாது. பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்கிற மென்பொருளுக்கும் விளங்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு) பழகுங்கள். எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் மூன்றையும் நான் தொடர்ந்து பாவிக்கிறேன். மூன்றும் திறந்த உரிமத்தில் இருப்பதால் உங்கள் வேலைக்குள் தயங்காமல் சேர்க்கலாம். கேட்டமரனில் மெல்லியதிலிருந்து தடித்ததுவரை ஒன்பது கனம் உண்டு. தலைப்புக்கு அதுதான் என் விருப்பம்.

ஆங்கிலத்தை நினைத்துப் போட்ட அளவுகள் தமிழுக்குப் பொருந்தாது. ‘பதிவிறக்குக’ என்ற சொல்லை வைத்துப் பட்டனின் அகலத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அடங்கிவிடும். வரி இடைவெளி எழுத்தளவின் 1.2 மடங்கு என்றால் மேல்வரியின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் மேல்விசிறியும் முட்டிக்கொள்ளும்; நான் 1.6 வைக்கிறேன்.

எழுத்து எழுத்தாகத் தோன்றும் அனிமேசன் செய்கிறவர்கள் இதைப் பாருங்கள். ‘மட்டக்களப்பு’ என்பது நமக்கு எட்டு எழுத்து. இணையப் பக்கங்களை இயக்குகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு அது 12. புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அப்படியே பிரித்து ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் போட்டால் புள்ளி ஒரு புள்ளிவட்டத்தின் மேல் அனாதையாக நிற்கும். பிரவுசரிலேயே உள்ள Intl.Segmenter என்ற பிரிப்பானைப் பாவித்தால் எட்டாகவே பிரித்துத் தரும். குரோமில் 2020இலிருந்தும் பயர்பொக்ஸில் 2024இலிருந்தும் இது இருக்கிறது. பல ஆங்கிலப் பாடங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, அவர்களுக்கு இந்தத் தேவையே வருவதில்லை.

விளையாட்டோ ஊடாடும் கதையோ செய்ய, விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கொடோட் 4ஐச் சொல்வேன். 2023 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர்ந்து வருகின்றன. பழைய 3இல் கொம்பு இடம் மாறி நிற்கும். ஸிப் கோப்பு சிறியது, நிறுவத் தேவையில்லை, பென்டிரைவில் கொடுத்து வாங்கலாம். பிளெண்டரில் முப்பரிமாணத் தமிழ்த் தலைப்பு வேண்டுமென்றால் கோட்டுப்படம் வரைகிற இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்தைப் பாதையாக (path) மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுபோய் அங்கே தடிப்புக் கொடுங்கள். சுற்றுவழிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கைகொடுக்கிறது. குழுவாகத் திரை வடிவமைக்க ஃபிக்மா மிக நல்லது, மாணவர்களுக்கு இலவசம். நெட் வேண்டும் என்பதால் என் தனி வேலையை அதில் வைப்பதில்லை.

படிப்பதற்கு வீடியோவை மட்டும் நம்பினால் டேட்டா கரைந்துவிடும். பிளெண்டரின் கையேட்டையும் கொடோட்டின் ஆவணங்களையும் முழுதாக இறக்கி வைக்கலாம். நிரல் கையேடுகளைத் திரட்டித் தருகிற டெவ்டொக்ஸ் தளத்தில் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் (பக்கத் தோற்றத்தை அமைக்கும் மொழி) பகுதிகளை ஒருமுறை சேமித்தால் பிறகு நெட் இல்லாமலே திறக்கும். இரவு டேட்டாவில் இவற்றை இறக்கி வகுப்பு முழுக்கப் பங்கிடுவது எங்கள் வழக்கம். தமிழ்நாட்டு யூடியூப் பாடங்கள் தொடக்கத்துக்கு உதவும். எந்தப் பட்டனை அமத்துவது என்பது தெரிந்துவிடும், ஏன் என்பதற்குக் கையேட்டைத்தான் திறக்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் ஃபிளாஷ் (முன்பு இணைய அனிமேசனுக்குப் பாவித்த மென்பொருள்) புத்தகம் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். ஃபிளாஷ் பிளேயரின் ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது.

அப்புறம், படங்களும் ஒலியும். இலங்கைத் தமிழ்ப் பழைய நூல்கள், இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் 2005இலிருந்து சேர்ந்துகொண்டே வருகின்றன. பழைய அட்டைகளின் எழுத்தமைப்பைப் பார்த்துப் படிக்க எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடம் இல்லை. ஒலிக்கு, வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்து பழகுகிற களரி (ஆடுகளம்) பக்கத்திலேயே இருக்கிறது. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரிடம் கேட்டு, எதற்கு என்று விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே பதிவு செய்யுங்கள். மத்தள அடி திடீரென்று ஏறும், ஆகவே ஒலி மட்டத்தை உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, போனை மத்தளத்துக்கு நேரே பிடிக்காமல் பாடுகிறவர் பக்கமாகத் திருப்பி வையுங்கள். முடிந்ததும் ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்துவிடுங்கள்.