கருந்தலைப் புழுவுக்கு எந்தக் கணக்கு: தலைமுறைத் தாவலா, பருவம் பிரிப்பதா?

தென்னையைத் தின்னும் கருந்தலைப் புழுவையும் அதைக் கொட்டி முடக்கி அதன்மேல் முட்டையிடும் கோனியோசஸ் குளவியையும் கணினியில் ஓட்டிப் பார்க்க எனக்கு ஒரு கணித மாதிரி தேவைப்பட்டது. இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிக்கல்சனும் பெய்லியும் 1935இல் எழுதிய, தலைமுறைக்குத் தலைமுறை தாவும் கணக்கு. அதன் வாரிசுகளும் இதில் சேர்த்தி. மற்றது, 1980களில் கர்னி, நிஸ்பெட், மர்டாக் போன்றவர்கள் வளர்த்த கால இடைவெளி மாதிரி. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று பருவம் பிரித்து நாள்கணக்கில் ஓடுவது. நான் எடுத்தது இரண்டாவதை. அதனால் கீழே உள்ளதில் அதன் பக்கம் சாய்வு இருக்கும், மறைக்கவில்லை.

முதல் வழியின் நல்ல குணம் எல்லாருக்கும் தெரியும்: இரண்டே வரி, எக்செல்லிலேயே ஓட்டலாம். கெட்ட குணமும் தெரிந்ததுதான். புழுவும் குளவியும் ஏறி இறங்குகிற அலை தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகிக்கொண்டே போய்க் கடைசியில் இரண்டில் ஒன்று அழிந்துவிடும். இதைச் சரிசெய்ய ராபர்ட் மே 1978இல் ஒரு மாற்றம் செய்தார். எல்லாப் புழுவும் ஒரே அளவு ஆபத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு, தாக்குதல் எவ்வளவு திரளாக விழுகிறது என்பதைக் காட்ட ஓர் எண்ணைச் சேர்த்தார். ஒரு புழுவுக்குச் சராசரியாக ஒரு தாக்குதல் என்றால் பழைய கணக்கில் 37 சதவீதப் புழுக்கள் தப்பும். மேயின் எண் 0.5 ஆக இருந்தால் அதே சராசரியில் 58 சதவீதம் தப்பும். அந்த எண் 1க்குக் கீழே இருந்தால் அலையும் அடங்கிவிடும். அழகான வேலைதான். ஆனால் புழுக்கள் ஏன் தப்பின என்று அந்த எண்ணைக் கேட்டால் பதில் வராது. மட்டைக்கு மட்டை உள்ள வித்தியாசமா, குளவியின் தேடும் பழக்கமா, புழுவின் வயதா, எல்லாம் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன.

எனக்கு முடிவு செய்துகொடுத்தது வேறொரு விஷயம்: குளவியை எப்போது விடுவது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 3000 கோனியோசஸ். அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. புழு தோலுரித்துத் தோலுரித்து வளரும் படிகளில் இரண்டாம் அல்லது மூன்றாம் படியில் இருக்கும்போது விட வேண்டும். (மரத்தின் உச்சியில் விடக்கூடாது, அங்கே சிலந்தியும் கொலைகாரப் பூச்சியும் குளவியைப் பிடித்துத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.) இப்போது தாவல் கணக்கிடம் போய் இந்த மாதக் கடைசியில் விட்டால் என்ன, அடுத்த மாதம் விட்டால் என்ன என்று கேளுங்கள். அதற்குக் கேள்வியே புரியாது. அதன் ஒரு அடி ஒரு முழுத் தலைமுறை. கருந்தலைப் புழுவுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்குள் பருவம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். குளிர்காலம் இல்லாத ஊரில் பூச்சியின் தலைமுறைகள் ஒன்றோடொன்று கலந்து, எந்த நாளில் பார்த்தாலும் எல்லாப் பருவமும் மரத்தில் இருக்க வேண்டும். அப்படித்தான் எதிர்பார்ப்போம். ஆனால் இலங்கைத் தென்னந்தோப்புகளில் பெரேரா, ஹாசல், காட்ஃப்ரே மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் கருந்தலைப் புழு தலைமுறை தலைமுறையாகத் தனித்தனி அலையாக வருவது தெரிந்தது. தாவல் கணக்கு தனித்தனித் தலைமுறை என்பதை முதல் வரியிலேயே எழுதிக்கொண்டு தொடங்குகிறது. எதை விளக்க வேண்டுமோ அதையே முன்பணமாக வாங்கிக்கொண்டால் அப்புறம் என்ன விளக்கம்?

பருவம் பிரித்த மாதிரியில் அந்த அலை தானாக எழுகிறது. காட்ஃப்ரேயும் ஹாசலும் 1987இல் காட்டியது இதைத்தான். குளவியின் தலைமுறை புழுவினுடையதில் ஏறக்குறைய பாதியாக இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பெரிய புழுக்கூட்டத்தைத் தாக்கிப் பிறக்கும் குளவிகள் பறக்கும் நேரத்தில், அந்தக் கூட்டத்தில் தப்பியவை குளவி தாக்கக்கூடிய வயதைத் தாண்டியிருக்கும். முன்னே பின்னே பிறந்து வரிசை தப்பிய புழுக்கள்தான் மாட்டும். இப்படிச் சிதறல்கள் கழிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் கூட்டம் கூட்டமாகவே நிலைக்கிறது. கோனியோசஸை அப்படியே இந்தக் கணக்கில் உட்கார வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. முட்டையிலிருந்து குளவியாக அதற்கு இரண்டு வாரம் போதும், ஆனால் பெண் குளவி அதற்குப் பிறகும் நெடுநாள் வாழும். எதைத் தலைமுறை என்று எண்ணுவது என்பதிலேயே விகிதம் மாறிவிடும்.

பராமரிப்பு? கொஞ்சம் தலைவலிதான். தொடங்கும் நாளுக்கு முன்னால் தோப்பில் என்ன இருந்தது என்றும் மாதிரி கேட்கும். வெறும் தோப்பில் தொடங்கி, சில நாளுக்குள் பூச்சியை உள்ளே விடுவது போல எழுதினால் அந்தச் சிக்கல் தீரும். ஆர் என்ற கணினி மொழியின் டிசால்வ் தொகுப்பே இந்தச் சமன்பாடுகளைத் தீர்த்துத் தரும். எண்களும் கூடுதலாக வேண்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒவ்வொரு பருவமும் எத்தனை நாள் என்பவை. புழு வளர்க்கும் எந்த ஆய்வகத்திலும் நாட்காட்டியை வைத்தே அளந்துவிடலாம். மேயின் எண்ணை அப்படி அளக்க முடியாது.

நோயையும் உள்ளே கொண்டுவந்தால் போட்டி மாறுகிறது. பூச்சி நோய்களுக்கான அடிப்படைக் கணக்கை ஆண்டர்சனும் மேயும் 1981இல் தந்தார்கள். ஹாக்பர்க், ஹாசல், மே 1990இல் அதைக் குளவிக் கணக்கோடு இணைத்தார்கள். இந்தப் பக்கம் நான் ஓட்டியது குறைவு, அதனால் அடித்துப் பேச மாட்டேன். ஆனாலும் ஒன்று படுகிறது: வைரஸ் முந்துமா குளவி முந்துமா என்பதும் நாள்கணக்குப் பந்தயமே. கோனியோசஸ் கொட்டிய புழு முடங்கித் தீனியை நிறுத்திவிடும். தின்னாத புழுவுக்குள் இலை வழியாக வைரஸ் போக வழியில்லை. மாவு அந்துப்பூச்சியின் புழுவைத் தாக்கும் வென்சூரியா குளவி அப்படி இல்லை. அது புழுவின் உள்ளே முட்டையிட்டுவிடும், புழு தின்றுகொண்டே இருக்கும், வைரஸும் உள்ளே வரலாம். பேகன், சைட், தாம்ப்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில் மாவு அந்துப்பூச்சியோடு வைரஸ் மட்டும், குளவி மட்டும் இருந்தபோது அலை ஒரு தலைமுறை நீளம். மூன்றும் சேர்ந்தபோது அது பல தலைமுறைக்கு நீண்டது. இரண்டிரண்டாக ஓட்டிக் கூட்டிப் பார்த்தால் இது கிடைக்காது.

தாவல் கணக்கை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரே தலைமுறை வரும் குளிர்நாட்டுப் பூச்சிக்கு அது கச்சிதம், வகுப்பில் முதல் பாடமும் அதுவாகவே இருக்கட்டும். உங்களிடம் இருப்பது தலைமுறைக்கு ஒரு எண்ணிக்கை மட்டும் என்றால் மேயின் வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கால இடைவெளி மாதிரிக்கு வாராவாரம் ஓலையைத் திருப்பி, நூலும் எச்சமும் கலந்த கூட்டைப் பிரித்து, எந்தப் பருவத்தில் எத்தனை புழு என்று எண்ணிய தாள்கள் வேண்டும்.