.303 கூடு அறுந்துபோகாமல் இருக்க: முழு உடலை இறுக்குவதா, கழுத்தை மட்டுமா?

பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டில் சுட்ட .303 தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இன்றும் உண்டு. சுட்டுப் பருத்த கூட்டை டையில் (கூட்டை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சில்) முழுதாகக் கொடுத்துப் பழைய அளவுக்கு இறுக்குவதா, குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்குவதா என்பது அவர்களிடையே ஓயாத வாதம். ஒரே துப்பாக்கிக்கு நிரப்புகிறவருக்குக் கழுத்து மட்டும் போதும் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் அந்தத் துப்பாக்கியிலேயே இருக்கிறது. .303 தோட்டாவை அறைக்குள், அதாவது குழாயின் பின்முனையில் அது அமரும் குழிக்குள், நிறுத்துவது அதன் அடியில் துருத்தும் விளிம்பு. உடல் கழுத்தாகக் குறுகும் இடமான தோள் எங்கும் முட்டவேண்டியதில்லை. சேறும் தூசியும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போகவேண்டும் என்று ராணுவ அறைகளைத் தாராளமாகவே குடைந்தார்கள். சுடும்போது கூட்டின் முன்சுவர் அறையை இறுகப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம், அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை நோக்கிப் பின்னால் போகும். இடையில், தடித்த அடிக்குச் சற்று மேலே, பித்தளை இழுபட்டு மெலியும். தோளும் முன்னால் நகரும். போல்ட்டைப் பூட்டும் லக் (முட்டு) அதன் பின்பக்கம் இருப்பதால் இழுவை இன்னும் கூடும்.

முழு உடலையும் இறுக்கும் டை அந்தத் தோளைத் திரும்பப் பின்னால் தள்ளிவிடுகிறது. அடுத்த சூட்டில் அதே இடம் மறுபடி இழுபடும். சில சுற்றுகளில் கூடு இரண்டாக அறுந்து, அடிப்பாகம் மட்டும் வெளியே வரும். மிச்சம் அறைக்குள் சிக்கும். வாயு பின்னால் பீறிட்டால் கண்ணுக்கே ஆபத்து.

கழுத்தை மட்டும் இறுக்கினால் உடல் அறையின் வடிவிலேயே இருக்கும், இழுபட இடமில்லை. ஆனால் அந்தக் கூடு இன்னொரு துப்பாக்கிக்குள் போகாமல் போகலாம்; பலமுறை சுட்டபின் போல்ட்டும் இறுகும். அப்போது டையைச் சற்று மேலே ஏற்றிவைத்து, தோளை 0.05 மி.மீ. அளவுக்கு மட்டும் தள்ளினால் போதும். யாருடைய துப்பாக்கியில் சுட்டது என்றே தெரியாமல் பொறுக்கிவந்த கூட்டுக்கு முழு டை தவிர வேறு வழியில்லை. வேட்டைக்குப் போகிறவருக்கும் அதுவே நல்லது.

புதுக் கூட்டின் முதல் சூடுதான் அதிகம் இழுக்கும். விளிம்பை ஒட்டி ஒரு ரப்பர் ஓ-ரிங் மாட்டிச் சுட்டால் அடிப்பாகம் போல்ட்டோடு ஒட்டி நிற்கும். நல்ல உத்தி.

கழுத்து வெடிப்புக்கு இரண்டு முறையுமே தீர்வல்ல. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் முறிவதைப் போல, விரிந்து சுருங்கியே பித்தளை கெட்டிப்படும். கழுத்தை மட்டும் சூடாக்கி மென்மையாக்கவேண்டும். அடிப்பாகத்தில் அந்தச் சூடு ஏறவே கூடாது. அம்மோனியா கலந்த பாலிஷும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பிரிட்டிஷ் தோட்டாக்கள் சுடாமலேயே வெடிப்பு விட்டன. காரணம் குதிரைச் சிறுநீரின் அம்மோனியா என்பது 1921இல் விளக்கப்பட்டது.

எந்த முறையானாலும் ஒவ்வொரு கூட்டையும் சோதியுங்கள். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து, உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். பள்ளம் தட்டினாலோ, வெளியே அதே இடத்தில் பளிச்சென்ற வளையம் தெரிந்தாலோ, அதை இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போட்டுவிடுங்கள்.