ஜூலியானாவை ஓரங்கட்டிய 'தி மேன் இன் தி ஹை காசில்'

'தி மேன் இன் தி ஹை காசில்' தொடர் நாற்பது எபிசோடு இருக்கிறதே, பார்க்கலாமா என்று தோழி கேட்டாள். இரண்டாம் தடவையும் முழுசாகப் பார்த்தவள் என்பதால் பதில் சொல்கிறேன். கதை கொஞ்சம் வெளியே வரும், பரவாயில்லை. 2019-லேயே முடிந்த தொடர்தானே.

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரும் ஜப்பானும் ஜெயித்து அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு கற்பனை 1962. அது எல்லோருக்கும் தெரியும். என் ஆத்திரம் கதாநாயகி ஜூலியானா கிரெய்னுக்காக.

முதல் சீசனில் என்ன ஒரு நாயகி! சான் பிரான்சிஸ்கோவில், ஊரை ஆளும் ஜப்பானியர்களிடமே அய்கிடோ என்ற தற்காப்புக் கலையைக் கற்கிறாள். தங்கை ட்ரூடி ஒரு ஃபிலிம் சுருளைக் கையில் திணித்துவிட்டு ஓடுகிறாள், ஜப்பானிய ராணுவ போலீஸான கெம்பெய்டாய் அவளைச் சுட்டுவிடுகிறது. சுருளைப் போட்டுப் பார்த்தால் அதில் நேச நாடுகள் ஜெயித்த போர். மறுபேச்சில்லாமல் தங்கைக்குப் பதிலாக இவள் பஸ் ஏறி கேனன் சிட்டிக்குக் கிளம்புகிறாள். பயப்படுகிறாள், ஆளை நம்பி மாட்டிக்கொள்கிறாள், ஆனாலும் திரும்பிப் போவதில்லை. அந்தப் பிடிவாதம்தான் தொடரை இழுத்துக்கொண்டு போனது.

அப்புறம் எழுதியவர்களுக்கு ஜான் ஸ்மித் மேல் மயக்கம் வந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்திலிருந்து நாஜி சீருடைக்கு மாறியவர். அவராக நடிக்கும் ரூஃபஸ் சீவல் குரலை உயர்த்தாமலே நடுங்க வைக்கிறார், அதில் குறையே சொல்ல முடியாது. மகன் தாமஸுக்குத் தசை நோய்; தீராத நோயாளிகளைக் கொல்லச் சொல்லும், அப்பா கட்டிக்காக்கும் நாஜி சட்டப்படியே பிள்ளை சாக வேண்டும். இப்படி ஒரு சிக்கலை வில்லனுக்குக் கொடுத்துவிட்டு, நாயகிக்கு என்ன கொடுத்தார்கள்? கண்ணை மூடி உட்கார்ந்து வேறு உலகத்துக்குத் தாவும் வித்தை! மூன்றாம் சீசனிலிருந்து அவள் செய்வதைவிட அவளுக்கு நடப்பதுதான் அதிகம்.

நான்காவதில், ஜப்பானிய வர்த்தக அமைச்சர் டகோமியை முதல் எபிசோடிலேயே கொன்றுவிட்டார்கள். கடைசியில் வேறு உலகத்துக்கான வாசல் திறந்து எங்கிருந்தோ ஜனங்கள் வரிசையாக வருகிறார்கள். யார், எதற்கு? சொல்ல மாட்டார்கள். நம் ஊர் மெகா சீரியல்கூட கல்யாணம் ஒன்றைக் காட்டிவிட்டுத்தான் முடிக்கும்.

நியாயமாகச் சொன்னால் தொடக்கப் பாட்டு 'எடல்வைஸ்' ஒருமுறைகூட ஸ்கிப் பண்ணத் தோன்றவில்லை. தெருக்கள், போஸ்டர்கள், உடைகள் எல்லாமே நம்ப வைக்கின்றன.

ஆனாலும் என்னைக் கேட்டால் வேண்டாம். நல்ல நாயகியை வீணடித்தவர்களுக்கு நாற்பது எபிசோடு கொடுக்காதே. இரண்டாம் சீசன் கடைசியில் தாமஸ் தன்னைத்தானே அதிகாரிகளிடம் ஒப்படைக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடாதே. அதற்கு முதலிலிருந்து இருபது எபிசோடு பார்த்தாக வேண்டும். சரி, பார்.