சாம்பலா, மூட்டை உரமா? பின்லாந்துக் காடும் ஏற்காட்டுக் காபித் தோட்டமும்

மூட்டை உரம் விலை ஏறும்போதெல்லாம் ஏற்காட்டில் "விறகுச் சாம்பல் போதாதா?" என்ற பேச்சு கிளம்பும். பின்லாந்தில் காட்டுக்கே சாம்பல் போடுகிறார்களாம் என்று ஆதாரமும் காட்டுவார்கள். போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் எந்த மண்ணில்?

அங்கே அது வடிகால் வெட்டி மரம் வளர்க்கும் பீட் நிலம். பாசியும் செடியும் முழுக்க மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சதுப்பு மண். அதில் பல இடங்களில் தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளம், பஞ்சமெல்லாம் மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) பொட்டாசுக்கும் (பொட்டாசியம்) தான். மரத்தை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும், மற்ற சத்துகள் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். ஆக, மண்ணில் எது குறைவோ அதுவே சாம்பலில் இருக்கிறது. ஹெக்டேருக்கு 3 முதல் 5 டன் போட்டால் மேல்மண்ணின் புளிப்பு குறைந்து, நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகின்றன. பலன் பல பத்தாண்டுகள் நிற்கும். தழைச்சத்து குறைந்த பீட்டில் மட்டும் எவ்வளவு கொட்டினாலும் மரம் பெரிதாக அசையாது.

மணிச்சத்தும் பொட்டாசும் கலந்த மூட்டை உரம் அங்கே சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் தீரும். பீட்டில் இரும்பும் அலுமினியமும் குறைவு என்பதால் மணிச்சத்தைப் பிடித்துவைக்க ஆளில்லை. எளிதில் கரையும் உரம் என்றால் ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும். சாம்பலில் மணிச்சத்து மெல்லக் கரைவதால் இந்தக் கசிவு குறைவு. காட்மியம் என்ற நச்சு உலோகம் எவ்வளவு என்று பார்க்க வேண்டியிருப்பதுதான் அதன் தலைவலி.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை இதற்கு நேர் எதிர். அலுமினியத் தாதுவான பாக்சைட் தோண்டிய மலை அல்லவா, செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் ஏராளம். மணிச்சத்து எங்கேயும் ஓடாது, மண்ணே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது. இங்கே சாம்பலை நான் மதிப்பது பொட்டாசுக்கும் புளிப்பைக் குறைப்பதற்கும்தான். டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் புளிப்பைக் குறைக்கும், மக்னீசியமும் தரும், பொட்டாசு தராது. காய் பிடிக்கும் காபிக்கு வேண்டிய தழைச்சத்து இரண்டிலும் கிடையாது. அதற்கு யூரியாவோ தொழுவுரமோ போட்டே ஆக வேண்டும். மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 6-க்கு மேல் வந்திருந்தால் சாம்பலைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், யூரியாவையும் சாம்பலையும் கலந்து வீசாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சேலத்து அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல் வேறு சரக்கு. அது பெரும்பாலும் மணலில் இருக்கும் சிலிக்கா. விறகுச் சாம்பல் என்று நம்பி, அதை மலையேற்ற லாரி வாடகை கொடுக்காதீர்கள்.