பத்து மாதங்கள் ஒரு கிரிப்டோ செயலியுடன்: புதுச்சேரியிலிருந்து ஒரு மதிப்பீடு

முத்தியால்பேட்டையில் சிறு வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளாகவே, ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரம் வந்தால், கடைக்காரர்களின் பிள்ளைகள் பிட்காயின் வாங்கி விற்ற விவரங்களைக் கைப்பேசியில் காட்டி, இதை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்று கேட்கிறார்கள். நானே செய்து பாராத ஒன்றுக்கு ஆலோசனை சொல்ல மனம் ஒப்பாததால், சேமிப்பிலிருந்து 40,000 ரூபாயை ஒதுக்கி, கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் ஓர் இந்தியப் பரிமாற்றச் செயலியில் கணக்குத் தொடங்கினேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல இத்துறைக்கே பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

கணக்குத் தொடங்குவது எளிது. ஆதார், பான் அட்டை, ஒரு முகப்படம், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு ஆகியவை அரை மணி நேரத்தில் முடிந்தன. 2023 மார்ச்சில் இத்தகைய பரிமாற்றத் தளங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்ட பிறகு, அவை சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் மத்திய நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். அந்தப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ஒரு ரூபாயேனும் செலுத்த வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒருவர், டெலிகிராமில் வந்த இணைப்பின் வழியாக இறக்கிய போலிச் செயலியில் நாள்தோறும் வட்டி என்ற பேச்சை நம்பி, மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணத்தை இழந்தார். அந்தக் குடும்பம் பட்ட துயரத்தை நேரில் பார்த்தவன் நான்.

வாங்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒரே தொடுதலில் முடியும் உடனடிக் கொள்முதலில் ‘கட்டணம் இல்லை’ என்று திரை சொல்கிறது. ஆனால் கட்டணம் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நான் 10,000 ரூபாய்க்கு வாங்கிய பிட்காயினை அடுத்த நிமிடமே விற்றிருந்தால் ஏறக்குறைய 9,800 ரூபாய்தான் கிடைத்திருக்கும். ஆர்டர் புக் எனப்படும், வாங்குவோரும் விற்போரும் விலை குறிக்கும் பட்டியல் வழியாக, நாமே விலை குறிப்பிட்டு வாங்கினால் இந்த இழப்பு பெரிதும் குறைகிறது. அந்த வழியோ செயலியில் மூன்று பக்கங்களுக்கு உள்ளே இருக்கிறது.

என் தொழிலோடு ஒட்டியது என்பதால் வரிப் பகுதியைத்தான் மிகக் கவனமாகப் பார்த்தேன். 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று அழைக்கும் இந்த நாணயங்களின் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அவ்வாண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தமும் நடைமுறையில் உள்ளன. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. எனக்கு ஈதர் என்ற நாணயத்தில் 6,000 ரூபாய் லாபமும், வேறொரு சிறு நாணயத்தில் 5,000 ரூபாய் நஷ்டமும் வந்தன. கையில் நின்றது 1,000 ரூபாய். வரியோ 6,000 ரூபாய்க்கு 1,800, அதன்மேல் 4 சதவீத செஸ் 72, ஆக 1,872 ரூபாய். லாபம் பார்த்த ஆண்டிலேயே 872 ரூபாய் கைப்பணத்திலிருந்து போயிற்று. இது சட்டத்தின் தன்மை; செயலியின் குற்றமன்று. ஆனால் செயலி தரும் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் ‘நிகர லாபம் 1,000’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது செயலியின் குற்றமே. அதை நம்பி 300 ரூபாய் வரி கட்டுகிறவருக்குப் பின்னாளில் நோட்டீஸ் வரும். பிடித்த டி.டி.எஸ். முழுவதும், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் பிழையின்றிப் பதிவாகியிருந்ததை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும்.

பணத்தைத் திரும்ப எடுப்பதில்தான் மனம் கசந்தது. 12,000 ரூபாய் வங்கிக்கு வந்துசேர நான்கு நாட்களாயின. இடையில் உதவிப் பகுதிக்கு நான் எழுதிய ஐந்து செய்திகளுக்கும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. தொலைபேசி எண் கிடையாது. தமிழில் பேச யாரும் இல்லை. செயலியில் தமிழ் இடைமுகம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், பணம் எடுக்கும் பக்கமும் விதிமுறைகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன. மொழி எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது இல்லை.

கிரிப்டோ நாணயம் பொதுமக்களின் அன்றாடப் பணமாகுமா என்று என்னைக் கேட்பவர்களை நான் குபேர் அங்காடிக்கு அனுப்புகிறேன். அங்கே மீன் விற்கும் அம்மாக்களின் கூடைக்கு அருகிலும் கியூஆர் அட்டை இருக்கிறது. பணம் வந்ததும் ஒலிப்பெட்டி தமிழிலேயே தொகையைச் சொல்கிறது. 2016-இல் தொடங்கிய யுபிஐ வாங்குபவரிடம் கட்டணம் கேட்பதில்லை. பிட்காயின் வலையமைப்பிலோ பரிமாற்றங்கள் அடங்கிய ஒரு தொகுதி உறுதியாவதற்குச் சராசரியாகப் பத்து நிமிடங்கள் ஆகின்றன. அதை விரைவாக்க அதன்மேல் கட்டிய துணை வலையமைப்புகள் இருந்தாலும், காலையில் வாங்கிய விலை மாலையில் நிற்காத ஒன்றை நாள்வரவு நம்பி வாழ்பவர் ஏன் வாங்க வேண்டும்? 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்பூர்வ நாணயமாக்கிய மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரே, 2025 ஜனவரியில் வணிகர்கள் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது.

எங்கள் ஊருக்கு இதில் உண்மையான பயன் ஒன்று இருக்க முடியும். பிரான்சில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் அரிது. பாரிசில் இருக்கும் என் அண்ணன், அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அனுப்பும் பணத்தை டாலர் மதிப்போடு பிணைத்த கிரிப்டோ நாணயமாக அனுப்பட்டுமா என்று கேட்டார். சில நிமிடங்களில் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்று கிடைக்காது. ரூபாயாக்கும்போது முழுத் தொகையிலும் 1 சதவீதம் பிடிக்கப்படும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பப் பணத்துக்குத் தெளிவான விதிகள் வந்தால், இந்தத் தொழில்நுட்பம் எங்கள் தெருக்களுக்குள் வர அதைவிடப் பெரிய வாசல் இல்லை.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு இங்கே இல்லை. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்றத் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோனபோது, பயனர்களின் கணக்குகள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தன. அத்தளத்தில் நாணயம் வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் சொத்தே என்று கூறியது எனக்குப் பெரிய ஆறுதல். சொத்து என்று ஆனபின், அதைப் பறிகொடுத்தவர் நீதிமன்றத்தில் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது.

தளத்தை நம்பாமல், நாணயத்தை நாமே வைத்துக்கொள்ளும் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். நானும் ஒரு சிறு தொகையை மாற்றினேன். அந்த வாலட்டை மீட்கும் திறவுகோலான 12 சொற்களைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி பழுதாகித் தாளும் தொலைந்தால் நாணயமும் போயிற்று. பரவலாகப் பயன்படும் அந்தச் சொற்பட்டியலில் 2,048 சொற்கள் உள்ளன. பிரெஞ்சிலும் கொரிய மொழியிலும்கூட அதற்கு வடிவம் உண்டு, தமிழில் இல்லை. என் அம்மாவால் எழுத்துப்பிழையின்றி எழுத முடியாத சொற்களில் அவருடைய சேமிப்பைப் பூட்டிவைக்க நான் துணியமாட்டேன்.

2024 ஜனவரியில் அமெரிக்கா, பிட்காயினை நேரடியாக வைத்திருந்து பங்குச்சந்தையில் விற்கப்படும் இ.டி.எஃப். நிதிகளை அனுமதித்த பிறகு, தங்கத்தைப் போல வைத்திருக்கும் பொருளாக அது பெருநிறுவனங்களின் கைக்குப் போய்விட்டது. அந்த வகையில் அதற்கு எதிர்காலம் உண்டு என்றே கருதுகிறேன். இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை, ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியே குறித்துவைக்கும் பழக்கமுள்ளவர் இந்தச் செயலியில் போடலாம். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ போட நினைப்பவர் இதை இறக்கவே வேண்டாம். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தைத் திருத்தும்படியும், பணம் எடுப்பதில் சிக்கல் வந்தால் தமிழில் பேசி முறையிட ஓர் எண் தரும்படியும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அவை இரண்டும் நடக்கும்வரை ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்களுக்கு மேல் தர மாட்டேன்.